கைமாறிய சாக்பீஸ்

1996 ஆகஸ்ட் கடைசி. சீனாவின் சோங்சிங் நகரிலிருந்து யாங்சி நதியில் இரவு நேரத்தில் இறங்குகிறது ஒரு படகு. அதில் இரண்டு அமெரிக்க இளைஞர்கள். ஒருவர் பீட்டர் ஹெஸ்லர். வயது 27. மிசௌரி மாநிலத்தில் வளர்ந்தவர். பிரின்ஸ்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இலக்கியம் படித்தவர். இறங்க வேண்டிய ஊர் ஃபூலிங். ரயில் கிடையாது. சாலை இருந்தும் இல்லாத மாதிரி. மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கிவைத்த ஊர். வெளியூர்களில் அதன் பெயர் தெரிந்ததெல்லாம் ஊறுகாயால்தான். அமெரிக்கர் யாரும் அங்கே குடியிருந்து அரை நூற்றாண்டாகியிருந்தது.

வேலை, ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆங்கிலம் கற்பிப்பது. மாணவர்கள் பெரும்பாலும் விவசாயிகளின் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் அரசாங்கமே வேலை போட்டுக் கொடுத்துச் சொந்த வட்டாரத்துக்குத் திருப்பி அனுப்பும். அங்கே கிராமப் பள்ளிகளில் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். சீனர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு வெள்ளைக்காரர் நூறு பேருக்குக் கற்பித்தால், அந்த நூறு பேர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிப்பார்கள்.

ஹெஸ்லரை அனுப்பி வைத்தது அமைதிப் படை. பெயரைக் கேட்டுத் தமிழ் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். 1987ல் இலங்கைக்குப் போன படைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1961ல் அதிபர் கென்னடி தொடங்கிய இந்த அமைப்பின் கையில் துப்பாக்கி இல்லை. இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாடம் நடத்தவும், கோழிப் பண்ணைக்கு யோசனை சொல்லவும் வைப்பதுதான் அதன் வேலை. 1961 முதல் 1976 வரை இந்தியாவிலும் இவர்கள் இருந்தார்கள். சி.ஐ.ஏ. ஆட்களோ என்று இங்கே சந்தேகம் இருந்தது. மாவோ காலத்துச் சீனாவிலோ சந்தேகத்துக்கே இடமில்லை. ஏகாதிபத்தியத்தின் கைக்கூலிகள் என்று முடிவே கட்டியிருந்தார்கள். 1989ல் வர வேண்டிய முதல் குழுவை தியானன்மென் சதுக்கச் சம்பவம் தடுத்தது. நான்கு ஆண்டு தாமதித்து 1993ல் வந்தவர்கள் பழைய பெயரை மூட்டை கட்டிவிட்டு, ‘அமெரிக்க-சீன நட்புத் தொண்டர்கள்’ என்று பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டார்கள்.

ஃபூலிங்கில் ஹெஸ்லர் தெருவில் இறங்கினால் கூட்டம் கூடியது. நூடுல்ஸ் சாப்பிட்டால் வேடிக்கை பார்த்தார்கள். ‘வாய்குவோரென்’ - வெளிநாட்டான் - என்ற கூச்சல் முதுகுக்குப் பின்னால் எப்போதும் கேட்டது. எரிச்சல் வராமல் இல்லை. ஆனால் வகுப்பறைக் கதவு திறந்ததும் காட்சி மாறியது. முன்னால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பலருடைய பெற்றோருக்கு எழுதப் படிக்கவே வராது. அந்தக் காலத்தில் சீன இளைஞர்களில் 12 பேரில் ஒருவருக்குத்தான் உயர்கல்வியில் இடம் கிடைத்தது. அந்த ஒருவராக வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். விடிவதற்குள் எழுந்து, மைதானத்தில் நடந்தபடி ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிப்பார்கள். தாங்களே ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அகராதியில் கண்ணில் பட்ட சொல்லைப் பெயராக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இவர்களுக்கு ஷேக்ஸ்பியர் நடத்த வேண்டும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அப்போது ஷேக்ஸ்பியரைப் படிப்பதைவிட, ஷேக்ஸ்பியரைப் பற்றிய சித்தாந்தங்களைப் படிப்பது மோஸ்தராக இருந்தது. ஃபூலிங் மாணவர்களுக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியாது. தங்கள் பழைய கவிதைகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். கவிதையின் தாளத்தை மேஜையில் தட்டிக் கண்டுபிடித்தார்கள். ஹாம்லெட்டை வகுப்பிலேயே நடித்தார்கள். ராபின் ஹூட் இன்றைய சீனாவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டபோது வகுப்பு இரண்டுபட்டது. ஊழல் பணக்காரர்களிடம் திருடி ஏழைகளுக்குக் கொடுப்பான் என்றது ஒரு கட்சி. சோஷலிச நாட்டில் அவனுக்கு வேலையில்லை, பிடித்து உள்ளே போட வேண்டும் என்றது இன்னொரு கட்சி. ஆக்ஸ்ஃபோர்டில் கிடைக்காத வாசிப்பு அது.

கதைப் பாத்திரங்களைப் பற்றித்தான் இந்தக் கலகலப்பு. சீன அரசியல் நேரடியாகத் தலைகாட்டினால் வகுப்பறையில் சத்தமே இருக்காது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்துகொள்ளும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. தான் எல்லை தாண்டிவிட்டதை ஹெஸ்லர் தெரிந்துகொண்டது எந்த அதிகாரியின் எச்சரிக்கையாலும் அல்ல, குனிந்த அந்தத் தலைகளால்தான்.

பிற்பகலில் பாத்திரங்கள் மாறின. காலையில் வாத்தியாராக இருந்தவர் இப்போது மாணவர். கல்லூரி ஏற்பாடு செய்த ஆசிரியையிடம் சீனம் கற்கத் தொடங்கினார். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளை எதைச் சொன்னாலும் முதலில் ‘பிரமாதம்’ என்று பாராட்டிவிட்டுத்தான் திருத்துவார்கள். இந்த ஆசிரியையிடம் பிரமாதத்துக்கு இடமே இல்லை. ஒரு எழுத்தின் தொனி பிசகினால் ஒரே சொல்: ‘தப்பு’. வாக்கியம் முழுவதும் சரியாக இருந்தால் பாராட்டு கிடையாது, அடுத்த வாக்கியம். நம் ஊர் வாத்தியார்களிடம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவருக்கு அது அவமானம். ஆனால் அந்தத் தப்புகளைத் தாண்டித்தான் அவர் சீனம் கற்றார். டீக்கடைகளில் பேச முடிந்தது. கூட்டத்தின் கூச்சலில் பாதி வெறும் ஆர்வம்தான் என்று புரிந்தது. முழுவதும் அல்ல. 1998ல் விடைபெறும் முன், ஊரை வீடியோ எடுக்கப் போனவர்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு தள்ளுமுள்ளில் முடிந்ததும் உண்டு. ஃபூலிங்கைப் பற்றி அவர் எழுதி 2001ல் வெளிவந்த ‘ரிவர் டவுன்’ இரண்டையுமே மறைக்கவில்லை.

அந்த 2001ஆம் ஆண்டு சீனாவுக்கே முக்கியமானது. ஒலிம்பிக்ஸ் நடத்தும் வாய்ப்பு பெய்ஜிங்குக்குக் கிடைத்தது. உலக வர்த்தக அமைப்பில் சீனா உறுப்பினரானது. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்க வேண்டும் என்று கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. உத்தரவு போட்டாயிற்று, கற்பிக்க ஆள்? கிராமங்களில் அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் ஃபூலிங் போன்ற ஊர்களில் படித்து வந்தவர்கள். நகரங்களில் கதை வேறு. ஆங்கில டியூஷன் பெரும் வியாபாரமானது. மழலையர் பள்ளிகளில் ஒரு வெள்ளை முகம் இருந்தாலே கட்டணத்தை உயர்த்தலாம் என்ற நிலை. அந்த முகத்துக்குப் பாடம் நடத்தத் தெரியுமா என்பது இரண்டாவது கேள்வி. பிறகு இணையம் வந்தது. அமெரிக்காவில் ஒரு இல்லத்தரசி விடியற்காலை எழுந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பெய்ஜிங்கில் சாயங்காலம் பள்ளி விட்டு வந்த குழந்தைக்கு ஏ, பி, சி சொல்லிக்கொடுத்தார். படகும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம், சீனமும் தெரிய வேண்டாம்.

ஹெஸ்லர் 2019ல் மீண்டும் சிச்சுவானுக்குக் கற்பிக்க வந்தார். இந்த முறை தலைநகர் செங்டு. ஒரு பெரிய பல்கலைக்கழகம். இப்போது சீன இளைஞர்களில் இரண்டில் ஒருவர் உயர்கல்விக்குப் போகிறார். மாணவர்கள் நகரத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஹெஸ்லரின் இரட்டைப் பெண்கள் இருவரும் உள்ளூர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். சுமார் 2,000 பிள்ளைகள் படித்த பள்ளியில் மேலைநாட்டுக் குழந்தைகள் அவர்கள் மட்டும்தான். சீனம் சரியாகத் தெரியாமல் சீன வகுப்பில் போய் உட்கார்ந்தன அந்தக் குழந்தைகள். தந்தைக்குக் கிடைத்த அதே வைத்தியம், தலைமுறை மட்டும் வேறு.

மாறாதது ஒன்று உண்டு. முன்பு தலை குனிந்தார்கள். இப்போது புகார் போகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு மாணவரின் கட்டுரையில் ஹெஸ்லர் எழுதிய திருத்தக் குறிப்புகளை வைத்து அவர் மீது இணையத்தில் கண்டனம் கிளம்பியது. குறிப்புகளைத் திரித்துச் சொல்கிறார்கள் என்று அவர் மறுத்தார். வேலை அப்போதைக்குத் தப்பியது. 2021ல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. குடும்பம் ஊர் திரும்பியது.

அதற்குள் மற்ற கதவுகளும் மூடத் தொடங்கியிருந்தன. ஒன்றை அடைத்தது சீனா அல்ல, அமெரிக்கா. போட்டி நாட்டுக்கு எதற்கு இலவச வாத்தியார் என்று வாஷிங்டனில் சில செனட்டர்கள் கேட்டுவந்தார்கள். 2020 ஜனவரியில் அமைதிப் படை தன் சீனத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில் கொரோனா வந்து, இருந்தவர்களும் அவசரமாக வெளியேறினார்கள். 27 ஆண்டுகளில் 1,300க்கும் மேற்பட்டவர்கள் வந்துபோன கணக்கு அத்துடன் முடிந்தது. இன்னொரு கதவைச் சீனா அடைத்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைப்பது என்ற பெயரில் 2021 ஜூலையில் வந்த விதிகள், பாடத் தனிப்பயிற்சியில் லாபம் பார்ப்பதற்குத் தடை போட்டன. வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவரை அமர்த்திச் சீனக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தவும் முடியாது. விடியற்காலை ஹெட்போன்கள் அணைந்தன.

இதனால் சீனாவுக்கு எவ்வளவு நஷ்டம்? நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் படிக்கும் சீன மாணவர்கள் 2023-24ல் 2.77 லட்சம். (அந்த ஆண்டு 3.3 லட்சம் பேருடன் இந்தியா அவர்களை முந்தியது.) எதிர்த்திசையில் பார்த்தால், ஒரு காலத்தில் ஆண்டுக்கு 15,000 அமெரிக்க மாணவர்கள் சீனாவுக்குப் போய்ப் படித்தார்கள். கொரோனாவுக்குப் பின் சில ஆண்டுகள் அந்தக் கணக்கு ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. சீனருக்கு அமெரிக்கரின் மொழி தெரியும். அமெரிக்கருக்குச் சீனரின் மொழி தெரிய வேண்டிய வழிகள்தான் அடைபட்டிருக்கின்றன.

ஆங்கிலம் கற்பிக்கப் போன இளைஞர்களை அமெரிக்கா தர்மக் கணக்கில் எழுதி வைத்திருந்தது. உண்மையில் வரவு அமெரிக்காவின் பக்கம். ஹெஸ்லர் ஒருவர் மட்டுமல்ல. 1995ல் நெய்ஜியாங்கில் வாத்தியாராக இருந்த மைக்கேல் மெயர் பிறகு பழைய பெய்ஜிங்கின் சந்துகளைப் பற்றி எழுதினார். சிகோங் ஊரில் கற்பித்த ராப் ஷ்மிட்ஸ் வானொலி நிருபராகச் சீனாவிலிருந்து செய்தி தந்தார். சாதாரண அமெரிக்கர் சாதாரண சீனரைப் பற்றித் தெரிந்துகொண்டதில் ஒரு பெரும் பங்கு, சிச்சுவானின் சிற்றூர்களில் ‘தப்பு’ என்று திட்டு வாங்கியவர்கள் மூலம் வந்தது. தூதரகத்தின் ஏர்கண்டிஷன் அறையில் அது கிடைக்காது. சீனா வல்லரசாகிவிட்டது, இனி உதவி தேவையில்லை என்று சொன்ன செனட்டர்களின் வாதத்தில் தப்பில்லை. யாருக்கு உதவி என்பதில்தான் தப்பு.

ஃபூலிங் இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ரயில் வந்தது, நெடுஞ்சாலை வந்தது. மூன்று பள்ளத்தாக்கு அணையின் தண்ணீர் ஏறி, பழைய ஆற்றங்கரை மூழ்கிவிட்டது. கல்லூரி புதிய பெயரில் பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்டது. 1996ல் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் ஹெஸ்லருக்கு இன்னும் கடிதத் தொடர்பு உண்டு. சிலர் வியாபாரத்துக்குப் போனார்கள். பெரும்பாலோர் ஆசிரியர்களாகவே இருந்துவிட்டார்கள். ஐம்பதைத் தொட்டிருக்கிறார்கள். சொந்த வீடு, கார், கல்லூரி வயதில் ஒரு பிள்ளை. அவர்களிடம் படித்துப் போன பிள்ளைகளில் அமெரிக்கரை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அது அவசியப்படவும் இல்லை. சீனர்கள் போட்ட அந்த எளிய கணக்கு பலித்துவிட்டது.

மற்றொரு கணக்குத்தான் பாக்கி நிற்கிறது. 27 வயதில், பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, அந்நிய மொழியில் திக்கித் திணறி நூடுல்ஸ் கேட்ட ஒரு அமெரிக்கர் அன்று இருந்தார். அவருடைய பெஞ்சில் இன்று உட்கார ஆளில்லை.