அபாய காலத்து நிலப்படங்கள்: எமது நிலைப்பாடு

பொதுப்பணத்தில் நிறுவப்பட்ட உணர்கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இடைவிடாது அனுப்பும் அளவீடுகளைக் கொண்டு உடனுக்குடன் வரையப்படும் நிலப்படம், அதிகாரிகளின் மேஜைக்கு எந்தக் க்ஷணத்தில் வருகிறதோ அதே க்ஷணத்தில், அதிலுள்ள ஐயங்கள் மறைக்கப்படாமல், ஜனங்களின் கண்ணுக்கும் எட்ட வேண்டும் என்பதே எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

சரிபார்க்காத செய்தி தீங்கு செய்யும் என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் 9.0 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்த சுமார் மூன்று நிமிஷங்களில், அந்நாட்டு வானிலை இலாகா, பூகம்பமானிகளின் முதற்கணக்கை நம்பி, அதன் அளவை 7.9 என்று மதிப்பிட்டு, இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளில் மூன்று மீட்டரும் மியாகியில் ஆறு மீட்டரும் அலை எழும் என அறிவித்தது. கடற்சுவர் அதைவிட உயரமாயிற்றே என்று தங்கிவிட்டோர் உண்டு. எண் திருத்தப்பட்டபோதோ, மின்சாரம் நின்றிருந்தமையால், அது பலரை எட்டவேயில்லை. ஆயினும் அந்த இலாகா தாமதித்துச் சொல்லும் வழியை நாடாமல், மிகப்பெரும் பூகம்பத்தின் அளவு உடனே நிர்ணயமாகாத சந்தர்ப்பத்தில் முதல் எச்சரிக்கையில் மீட்டர்க் கணக்கை விட்டு, அலை பிரம்மாண்டமானது என்று மட்டும் சொல்வதென 2013 மார்ச்சில் முறையை மாற்றிற்று. ஜப்பானின் கிழக்குக் கடலடியிலும் பின்னர் 150 அளவீட்டு நிலையங்கள் கம்பிவடத்தில் கோக்கப்பட்டன.

மறைத்ததன் விளைவு வேறு. அதே பூகம்பத்தை அடுத்து விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் கதிரியக்கம் காற்றில் எத்திசை செல்லும் என்று கணிக்கும் 'ஸ்பீடி' ஏற்பாடு சர்க்காரிடம் இருந்தும், வெளியான அளவு தெரியாத கணிப்பு நம்பத்தகாதது என ஒதுக்கப்பட்டு, மார்ச் 23 வரை வெளிவராமலே கிடக்க, நமியே நகரத்தார் பலர், தப்பிவிட்டதாக எண்ணி, கதிரியக்கம் சென்று படிந்த அதே வடமேற்குத் திசையில், சுஷிமா என்ற மலைப்பகுதியில் தங்கியிருந்தனர். திசையை மட்டும் சொல்லியிருந்தாலும் பயன்பட்டிருக்கும் என்று சர்க்கார் நியமித்த விசாரணைக் குழு பின்னர் கருதிற்று. பார்லிமெண்டு அமைத்த குழு அவ்வளவு தூரம் ஒப்பவில்லை. யாம் முந்தியதையே ஏற்கிறோம். அதே மாதத்தில் தோன்றிய 'சேஃப்காஸ்ட்' தொண்டர் குழு, மோட்டார் வண்டியில் கதிரியக்கமானியை மாட்டி, ஐந்து வினாடிக்கொரு முறை இடக்குறிப்புடன் அளந்து, யாவற்றையும் உரிமைக் கட்டுப்பாடின்றிப் பொதுவில் வைத்ததை மாதிரியாகக் கொள்கிறோம். (பெரும்பாலும் வண்டி திரும்பிய பின்னரே அளவீடுகள் சேர்ந்தன, ஆகவே அது கண்ணெதிரே மாறும் படமன்று.)

எனவே, ஒவ்வோர் அளவீட்டிலும் அது எடுக்கப்பட்ட நேரம் தெரிய வேண்டும். மௌனமாகிவிட்ட கருவியின் இடத்தை அண்டைக் கருவிகளின் அனுமானத்தால் நிரப்பாமல் வெறுமையாகவே காட்ட வேண்டும். மின்சாரம் போனாலும் கருவி பேசுவதற்கும், திருத்தம் வானொலி வழியாகவேனும் ஊர்களைச் சேர்வதற்கும் மாற்றுவழி முன்கூட்டியே அமைய வேண்டும். மூல அளவீடுகளை அழிக்கலாகாது.

தனிமனிதரின் கைபேசியிலிருந்து திரட்டப்படும் நடமாட்டத் தகவலுக்கு இந்நிலைப்பாடு பொருந்தாது. அது ஜனங்களின் சொந்த விஷயமாதலால், அவரவர் சம்மதமின்றி நிலப்படத்தில் ஏறுவதை யாம் எதிர்க்கிறோம்.