விபத்தின் தூரத்தைச் சாலைவழியே அளக்க வேண்டும்

விபத்து நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால், சில இடங்களில் அவை நெருங்கியும் சில இடங்களில் சிதறியும் தெரியும். அந்த நெருக்கம் தற்செயலா, அதற்குக் காரணம் உண்டா என்று கண்டறியப் புள்ளியியலில் முக்கியமான கருவி, பிரையன் ரிப்ளி 1970களில் வகுத்த ‘கே-சார்பு’. ஒரு புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் சராசரியாக எத்தனை புள்ளிகள் உள்ளன என்று எண்ணி, அவை தற்செயலாகச் சிதறினால் வரக்கூடிய எண்ணிக்கையுடன் அது ஒப்பிடுகிறது.

காட்டு மரங்களுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு சாலை விபத்துகளுக்கு அப்படியே பொருந்தாது. மரம் நிலத்தில் எங்கும் முளைக்கலாம். சாலை விபத்து சாலையில்தான் நடக்கும். நகர மையத்தில் சாலைகளே நெருக்கமாக இருப்பதால், தற்செயலான விபத்துகளும் கொத்தாகத் தெரியும். நேர்கோட்டுத் தூரமும் ஏமாற்றும். ஆற்றின் இரு கரைச் சாலைகளுக்கு இடையே நூறு மீட்டர்தான் இருக்கலாம். பாலம் தொலைவில் இருந்தால் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

லண்டன் பிராட் தெருவில் 1854இல் பரவிய காலராவை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோ, நேர்கோட்டுத் தூரத்தின் இந்தக் குறையை உணர்ந்திருந்தார். 1855இல் வெளியான வரைபடம் ஒன்றில், தெருவழியே நடந்தால் பிராட் தெருவின் குடிநீர்ப் பம்பும் மற்றப் பம்புகளும் சம தூரத்தில் அமையும் இடங்களைக் கோடாக வரைந்தார்.

அட்சுயுகி ஒகாபேவும் இக்குஹோ யமாடாவும் 2001இல் கே-சார்பைச் சாலைவழித் தூரத்துக்கு மாற்றியமைத்தனர். ஒரு சிக்கல் மிஞ்சியது: சந்திப்புகள் மிகுந்த பகுதியில் அதே தூரத்துக்குள் கூடுதல் சாலை நீளம் அடங்கும். 2012இல் ஆங், பேட்லி, நாயர் ஆகிய மூவர் இதைச் சரிசெய்தனர். ஒரு விபத்திலிருந்து அதே சாலைவழித் தூரத்தில் எத்தனை இடங்கள் இருக்கின்றனவோ, அந்த எண்ணால் ஒவ்வோர் இணையின் பங்கையும் வகுத்தனர். இதனால் வெவ்வேறு வடிவிலான சாலை வலைகளையும் ஒப்பிட முடிந்தது. இந்த முறை விபத்துகளுக்கு மட்டுமானதன்று: சிகாகோவில் 2002இல் இரு வாரங்களில் பதிவான 116 தெருக் குற்றங்கள், செங்கல் சுவரின் சாந்துக் கோடுகளில் அமைந்த சிலந்தி வலைகள், நரம்பணுக் கிளைகளிலுள்ள முட்கள் ஆகியவையும் வலைவழிப் பகுப்பாய்வின் மாதிரித் தரவுகள்.

இந்தியக் கொள்கைக்கும் இதில் பாடம் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் அல்லது பத்து உயிரிழப்புகள் பதிவானால் அது ‘கரும்புள்ளி’ எனப்படுகிறது. சாலையின் நீளத்தை ஒட்டி அளப்பது சரியான தொடக்கமே. ஆனால், வெறும் எண்ணிக்கை போக்குவரத்தின் அளவைக் கணக்கில் கொள்வதில்லை. நாள்தோறும் பல்லாயிரம் வாகனங்கள் ஓடும் சாலை அந்த வரம்பை எளிதில் தொடும்; வாகனம் குறைந்த சாலையின் ஆபத்தான வளைவு தப்பிவிடும்.

விபத்து நடந்த இடத்தைக் கைபேசிவழியே பதியும் தரவுத்தளத்தைச் சென்னை ஐஐடி உருவாக்கியுள்ளது. அந்தப் பதிவுகளை வாகன எண்ணிக்கையுடன் இணைத்துச் சாலைவழியே பகுத்தாய்ந்தால், போக்குவரத்து மிகுதியால் நேரும் விபத்துகளையும் சாலையின் குறையால் நேரும் விபத்துகளையும் பிரித்தறியலாம். சீரமைப்பு நிதியை எங்கே முதலில் செலவிடுவது என்பதை இந்த வேறுபாட்டைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.