ஆட்டிச மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம்: ஒரு பொது வேண்டுகோள்

இரண்டு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத, வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாத குழந்தையைக் குறித்துத் தாய் முதன்முதலில் ஐயுறும்போது, "ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெல்லத்தான் வரும்", "இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்களும் அக்கம்பக்கத்தாரும் கூறும் ஆறுதல் அன்பினால் பிறப்பதே எனினும், மூளை மிக விரைந்து வளரும் பருவத்தில் அது பல குழந்தைகளின் பயிற்சியை ஓராண்டோ ஈராண்டோ தள்ளிப்போடச் செய்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் இணைந்த குழுவொன்று, அவ்வாறு தேற்றுவதை விடுத்து மருத்துவமனை வரை அத்தாயுடன் துணை செல்லுமாறு தமிழ்நாட்டு மக்களை வேண்டிக்கொள்கிறது.

பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் இடர்ப்பாடும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பும் சேர்ந்து காணப்படும் மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடே ஆட்டிசம். அது வளர்ப்பின் பிழையால் வருவதன்று. பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று தாயின் மேல் பழி சுமத்தும் வழக்கம் இன்னும் மறையாதிருப்பது பெருங்கொடுமை. அப்பழிக்கு அஞ்சியே ஐயத்தை வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் தாய்மார் உண்டு.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது; குழந்தையின் நடத்தையை நேரில் கண்டும் பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும் வல்லுநர்கள் முடிவுசெய்கிறார்கள். அழைத்தால் திரும்பாமைக்குக் காது கேளாமையும் காரணமாகலாம் என்பதால் செவித்திறன் சோதனையும் செய்யப்படுகிறது. 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு எம்-சாட் எனப்படும் 20 கேள்விகள் கொண்ட வினாநிரல் உண்டு. ஆயினும் அது மேற்கொண்டு ஆராய வேண்டிய குழந்தையை இனங்காட்டுமேயன்றி ஆட்டிசம் என்று தீர்ப்பளிக்காது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் வழி அமைந்த மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் இம்மதிப்பீட்டைக் கட்டணமின்றிப் பெறலாம். முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இப்பணியைச் செய்கிறது.

மருத்துவர் கூறும் முடிவும் அரசு வழங்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் ஒன்றே என்று கருதிக் குடும்பங்கள் மயங்குவதுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சான்றிதழுக்கென 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 70 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்ளப்படும். தேர்வுச் சலுகை, வருமான வரிக் கழிவு, தனித்துவ அடையாள அட்டை போன்றவற்றுக்கே அச்சான்று வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் அது வேண்டியதில்லை. ஆகவே சான்றிதழுக்காகவோ, வல்லுநரைக் காணும் நாளுக்காகவோ காத்திருக்கும் மாதங்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவது நன்று.

குழந்தையை நாள்தோறும் காணும் அங்கன்வாடிப் பணியாளர், ஐயம் எழுந்தால் அதைப் பெற்றோரிடம் தனியே, கனிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். மதிப்பீடு ஒரே நாளில் முடிவதன்று ஆதலால் வேலை கொடுப்போர் தந்தைக்கும் தாய்க்கும் விடுப்புத் தர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் "வேறு பள்ளி பாருங்கள்" என்று சொல்வதைப் பள்ளிகள் இக்கல்வியாண்டிலேயே நிறுத்த வேண்டும்.