கோவா கப்பலில் சீட்டாட்டம்: ஜெயிப்பது யார்?

சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறை. கையில் கொஞ்சம் பணம். கூட நாலு நண்பர்கள்.

அந்தக் காலத்தில் பரமக்குடிக்காரர்கள் இப்படிச் சேர்ந்தால், ரெயில் ஏறி ராமேசுவரம் போவார்கள். கடலில் குளிப்பார்கள். சாமி கும்பிடுவார்கள். இல்லாவிட்டால் மதுரைக்குப் போவார்கள். இரண்டு சினிமா பார்த்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

இப்போது இன்னோர் ஊரின் பெயர் காதில் விழுகிறது. கோவா!

கோவாவில் கடல் இருக்கிறது. அழகான கடற்கரை இருக்கிறது. ஆனால் சிலர் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆற்றில் நிற்கும் கப்பலுக்குப் போகிறார்கள். அந்தக் கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கிறது. அதற்குப் பெயர் "காசினோ". அங்கே ஆடும் சீட்டாட்டங்களில் ஒன்று "போக்கர்".

இந்த ஆட்டம் என்ன? சட்டம் இதை அனுமதிக்கிறதா? போனவர்களில் ஜெயிப்பது யார்? வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பார்ப்போம்.

கப்பலுக்குள்...

கோவாவின் தலைநகர் பனாஜி. அதை ஒட்டி மாண்டவி ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. கரையில் இருந்து படகில் போய் ஏற வேண்டும்.

நுழைவதற்குக் கட்டணம் உண்டு. 21 வயது நிறையாதவர்களுக்கு இடம் இல்லை. உள்ளே சாப்பாடு உண்டு. மது உண்டு. பாட்டும் நடனமும் உண்டு. இரவு எது, பகல் எது என்று தெரியாதபடி விளக்குகள் எரியும்.

பணத்தை அப்படியே மேஜையில் வைத்து ஆடுவதில்லை. பணத்தைக் கொடுத்து, பிளாஸ்டிக் வில்லைகள் வாங்க வேண்டும். அதைத்தான் மேஜையில் வைக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 500 ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது, கை கொஞ்சம் தயங்கும். வீட்டு நினைவு வரும். வில்லையைத் தள்ளும்போது அந்தத் தயக்கம் இல்லை. பணம் பணமாகவே தெரிவது இல்லை!

போக்கர் என்றால் என்ன?

நம் ஊரில் ரம்மி தெரியும். மங்காத்தா தெரியும். போக்கரும் அதே 52 சீட்டு ஆட்டம்தான்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். அதை மற்றவருக்குக் காட்டக்கூடாது. மேஜை நடுவில் 5 சீட்டு திறக்கப்படும். அது எல்லோருக்கும் பொது. இந்த 7 சீட்டில் நல்ல 5 சீட்டு யாரிடம் சேருகிறதோ, அவருக்கு வெற்றி.

ஆனால் ஆட்டம் அதோடு முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். கையில் ஒன்றும் இல்லாதவன், எல்லாம் இருப்பது போல் நடித்துப் பந்தயத்தை ஏற்றுவான். நல்ல சீட்டு வைத்திருப்பவன் பயந்து, சீட்டைக் கவிழ்த்துவிடுவான். பொய்க்காரன் பணத்தை வாரிக்கொள்வான்!

ஆகவே, போக்கரில் அதிர்ஷ்டமும் உண்டு, கணக்கும் உண்டு, எதிரியின் முகத்தைப் படிக்கும் சாமர்த்தியமும் உண்டு.

முதல் இரண்டு சீட்டுமே "ஏஸ்" ஆக வருவதுதான் பெரிய யோகம். அது 221 முறைக்கு ஒரு முறைதான் வரும் என்பது கணக்கு. ஒரு மேஜையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம் நடக்கலாம். 6 மணி நேரம் ஆடினால் 180 ஆட்டம். அதாவது, இரவு முழுவதும் கண் விழித்து உட்கார்ந்தாலும் அந்த யோகம் ஒரு முறைகூட வராமல் போகலாம்.

கணக்கைப் பாருங்கள்!

போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். காசினோக்காரர் யாரோடும் மோதுவதில்லை. அவர் சும்மா இருந்தே சம்பாதிக்கிறார். எப்படி?

மேஜையில் சேரும் பந்தயப் பணத்தில் அவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். யார் ஜெயித்தாலும் அவர் பங்கு அவருக்கு.

ஒரு மேஜையில் 9 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10,000 ரூபாய். மொத்தம் 90,000 ரூபாய். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 100 ரூபாய் காசினோ எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180 ஆட்டத்தில் 18,000 ரூபாய் போய்விடும். விடியும்போது மேஜையில் மிஞ்சுவது 72,000 ரூபாய்தான்!

ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கலாம். ஆனால் 9 பேரையும் சேர்த்துப் பார்த்தால் 18,000 ரூபாய் நஷ்டம்.

போக்கர் சலித்துப்போனால், பக்கத்தில் "ரூலெட்" என்ற சக்கரம் சுழல்கிறது. ஒற்றைச் சுழி உள்ள சக்கரத்தில் 37 எண்கள். நீங்கள் வைத்த எண்ணில் பந்து விழுந்தால், 100 ரூபாய்க்கு 3,600 ரூபாய் கையில் வரும். ஆசையாகத்தான் இருக்கிறது! ஆனால் 37 எண்ணிலும் 100 ரூபாய் வைத்துப் பாருங்கள். வைத்தது 3,700. வருவது 3,600. எந்த எண் விழுந்தாலும் 100 ரூபாய் போயிற்று!

இதற்கு மேல் வரி இருக்கிறது. காசினோவுக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி. வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம் ஆகிவிட்டது. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரியும் உண்டு. நேற்று தோற்றதை இன்று ஜெயித்ததில் கழித்துக்கொள்ள முடியாது.

ஆக, காசினோ பங்கு ஒரு பக்கம். சர்க்கார் வரி ஒரு பக்கம். ரெயில் செலவு, அறை வாடகை ஒரு பக்கம். இத்தனையும் போக மிஞ்சுவதுதான் "வெற்றி"!

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1930-ம் ஆண்டு முதல் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. சூதாட்ட விடுதி நடத்துவது குற்றம். அங்கே போய் ஆடுவதும் குற்றம். ஆனால் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு அந்தச் சட்டம் விலக்கு கொடுத்தது.

திறமை ஆட்டம் எது, அதிர்ஷ்ட ஆட்டம் எது? இதுதான் பெரிய வழக்கு ஆயிற்று. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மூன்று சீட்டு ஆட்டம் அப்படி அல்ல என்றும் கூறியது.

பிறகு செல்போன் வந்தது. சூதாட்டம் சட்டைப் பைக்குள்ளேயே நுழைந்துவிட்டது! ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து, கடன் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன.

தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. புதிய மசோதா சட்டசபையில் நிறைவேறியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடை செல்லாது என்று ஐகோர்ட்டு தீர்ப்பு கூறியது. அவை திறமை ஆட்டங்கள் என்பதே காரணம்.

கடைசியில் பாராளுமன்றம் தலையிட்டது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவாக இருந்தாலும் நடத்தக்கூடாது என்று சட்டம் செய்தது. 2025 ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில். ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் காசு ஆட்டத்தை நிறுத்தின.

கோவாவில் மட்டும் எப்படி?

செல்போன் கதவு மூடப்பட்டது. கப்பல் கதவு திறந்தே இருக்கிறது!

காரணம், நேரில் நடக்கும் சூதாட்டம் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு வேண்டாம் என்கிறது. கோவா சம்மதிக்கிறது. அங்கே 1976-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992-ல் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட எந்திரங்களை அனுமதித்தார்கள். 1996-ல் மறுபடி திருத்தி, கப்பல்களையும் அனுமதித்தார்கள். சிக்கிம் மாநிலமும் 2002-ல் காசினோவுக்குச் சட்டம் செய்தது.

ஆகவே, பரமக்குடிக்காரர் கோவாவுக்குப் போய் ஆடினால் குற்றம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2020-ல் கோவா அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோவா மக்கள் காசினோவில் போய் ஆடக்கூடாது என்பதே அது! நேபாளத்திலும் அப்படித்தான். காசினோ உண்டு; நேபாளிகள் ஆடக்கூடாது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்து இளைஞர்கள் பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2010-ல் இரண்டு காசினோக்கள் திறந்தார்கள். சொந்த நாட்டுக்காரர் உள்ளே போக வேண்டுமானால், ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரருக்கு அந்தக் கட்டணம் இல்லை. குடும்பத்தார் மனுக் கொடுத்தால், சூதாடும் கணவனையோ மகனையோ உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே சட்டம் இருக்கிறது.

நமக்குப் பக்கத்துக் கரையான இலங்கையிலும் காசினோ இருக்கிறது. 1964 புயலுக்கு முன்பு, பரமக்குடி வழியாகத்தான் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போகும். அங்கிருந்து கப்பல் ஏறினால் தலைமன்னார். வியாபாரத்துக்கும் வேலைக்கும் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். அந்த இலங்கையின் கொழும்பு நகரில், 2025 ஆகஸ்டில் மிகப் பெரிய காசினோ ஒன்று திறக்கப்பட்டது. அங்கும் உள்நாட்டுக்காரருக்கு நுழைவு வரி உண்டு.

இதற்கு என்ன அர்த்தம்? தன் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வரட்டும் என்று அர்த்தம்! நாம்தான் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

திறமை யாருக்கு?

"போக்கர் திறமை ஆட்டம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே! பிறகு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம்.

பயமே அங்கேதான் இருக்கிறது! அதிர்ஷ்ட ஆட்டத்தில் புதியவனும் பழையவனும் ஒன்றுதான். திறமை ஆட்டத்தில் அப்படி இல்லை. திறமை உள்ளவனிடம், திறமை இல்லாதவன் தோற்றே தீருவான். குஸ்தி தெரியாதவன் பயில்வானோடு கோதாவில் இறங்கியது போலத்தான்!

கப்பல் மேஜையில் எதிரே உட்காருகிறவர் யார்? தினமும் அதே வேலையாக இருப்பவராக இருக்கலாம். கணக்கு அவருக்கு மனப்பாடம். அவர் மது குடிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறைக்கு வந்தவரோ, மதுவும் தூக்கமுமாக உட்கார்ந்திருப்பார். யார் பணம் யாரிடம் போகும்?

நண்பர்கள் கூட இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். "போதும், எழுந்திருப்போம்" என்று சொல்ல வெட்கம். ஒருவன் ஜெயித்தால் மற்றவனுக்கு ஆசை. ஒருவன் தோற்றால், அவனுக்குக் கைமாற்று கொடுக்க இன்னொருவன். ஊர் திரும்பிய பிறகு அந்தக் கைமாற்று பகையாகிறது.

அரசாங்கமே சீட்டு விற்ற காலமும் உண்டு. 1968-ல் தமிழக அரசு லாட்டரி தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அப்போது பிரபலமான வாசகம். பிறகு என்ன ஆயிற்று? கூலிப் பணம் லாட்டரிக் கடைக்குப் போயிற்று. 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

தறியும் வில்லையும்

பரமக்குடி நெசவாளர் ஊர். வைகைக்கு அந்தப் பக்கம் எமனேசுவரம். இரு கரையிலும் தறிச் சத்தம் கேட்கும். ஒரு சேலை என்றால், வீடே சேர்ந்து உழைக்க வேண்டும். ஒருவர் தார் சுற்றுவார். ஒருவர் தறியில் உட்காருவார். இழை இழையாக ஓடிச் சேலை ஆகும். பிறகுதான் கூலி.

சுற்றுப்புறக் கிராமங்களில் குண்டு மிளகாய் பயிரிடுகிறார்கள். மழையை நம்பி விதைத்து, வெயிலில் காயப்போட்டு, மூட்டை கட்டிக்கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தப் பணமும் அப்படித்தான் சேருகிறது.

மாதக்கணக்கில் சேர்ந்த அந்தப் பணம், மேஜையில் போக எத்தனை நேரம் ஆகும்? இரண்டே நிமிடம்!

சுற்றுலா போவது தவறு அல்ல. கோவாவுக்கும் தாராளமாகப் போகலாம். கடலைப் பார்க்கலாம். பழைய மாதா கோவில்களைப் பார்க்கலாம். கப்பலில் ஏறியே தீருவேன் என்பவர்கள், சில விஷயங்களையாவது மனதில் வைக்க வேண்டும்.

சினிமாவுக்குச் செலவு செய்வது போல, போனால் போகட்டும் என்ற தொகையை மட்டும் கொண்டுபோங்கள். ஏ.டி.எம். அட்டையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கடன் வாங்காதீர்கள், கடன் கொடுக்காதீர்கள். மது குடித்துவிட்டுச் சீட்டைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பயணமே வேண்டாம்!

வீட்டில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். தோற்றுவிட்டு வந்தவரைத் திட்டி விரட்டினால், தோற்றதை மீட்கிறேன் என்று மறுபடியும் போவார். கடன் எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒளித்து வைக்கும் கடன்தான் உயிரைக் குடிக்கிறது. சொல்லிவிட்ட கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடலாம்.

திருக்குறளில் "சூது" 94-வது அதிகாரம். அதற்கு முன்னால் "கள்ளுண்ணாமை". அதற்குப் பின்னால் "மருந்து"! வள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டிருக்கிறார். நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. தூண்டிலில் இரை வைப்பவர் யார், மாட்டிக்கொள்வது எது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.