தப்பாகப் பேசுவோம், வாருங்கள்!



போன வருடம் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எதிரே மூன்று பேர். லேத் மிஷினைப் பற்றித்தான் கேட்டார்கள். பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் தெரியும். அதை இங்கிலீஷில் மனசுக்குள் கட்டி, 'இஸ்' வருமா 'வாஸ்' வருமா என்று சரிபார்த்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதற்கும் மௌனம். "யூ மே கோ" என்றார்கள். அது மட்டும் நன்றாகப் புரிந்தது!

அன்று சாயங்காலம் பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டில் இறங்கினேன். ஏரிக்கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆயா நண்டுக் கூடையோடு நிற்கிறார். எதிரே சூளூர்ப்பேட்டைப் பக்கத்து வியாபாரி. "சாலா தக்குவய்யா! இன்கா பெஞ்சு! நண்டு எப்படித் துள்ளுது சூடு!" என்கிறார் ஆயா. பாதி தெலுங்கு, பாதி தமிழ். வியாபாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே விலையையும் ஏற்றினார்.

"ஏன் ஆயா, தெலுங்கைத் தப்புத் தப்பா பேசுறியே, கூச்சமா இல்லியா?" என்று கேட்டேன்.

"கூச்சப்பட்டுக்கினு நின்னா நண்டு செத்துப்பூடும்டா!"

செத்த நண்டுக்கு விலை இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆயா இரண்டு மொழியில் வியாபாரம் செய்கிறார். ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் படித்த நான் ஊமையாகத் திரும்பி வருகிறேன். எங்கே தப்பு?

யோசித்துப் பார்த்தேன். நமக்கு மொழி என்பது ஒரு பேப்பர். பாஸ் பண்ண வேண்டியது. ஆயாவுக்கு மொழி என்பது எதிரே நிற்கும் ஆள்.

அதற்குப் பிறகுதான் ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். செல்போனில்தான், காசு செலவில்லாமல். ஹாஸ்டலில் எல்லோரும் சிரித்தார்கள். "இங்கிலீஷே வரல, உனக்கு ஸ்பானிஷ் கேக்குதா?" என்றான் அறை நண்பன். இங்கிலீஷ் வராததால்தான் ஸ்பானிஷ் என்பதே என் பதில்.

காரணம் சொல்கிறேன். இங்கிலீஷ் என்றால் நம் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கான்வென்ட்டில் படித்தவன் பேசுவான். தமிழ் வழியில் படித்தவன் கடைசி பெஞ்சில் குனிந்துகொள்வான். ஒரு தப்பு விட்டால் வருடம் முழுக்க அதுவே பட்டப்பெயர். ஸ்பானிஷில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எல்லோருமே பூஜ்யம்! யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? சிரித்த அதே அறை நண்பன் இரண்டாம் வாரமே என்னோடு சேர்ந்துகொண்டான்.

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சி மொழி. ஐ.நா. சபையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. தமிழனுக்கு அது அவ்வளவு தூரத்து மொழியும் இல்லை. பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். 'நீ', 'நீங்கள்' என்பதுபோல அங்கே 'து', 'உஸ்தெத்' உண்டு. நாம் 'நான்' என்று சொல்லாமலே 'பேசுகிறேன்' என்கிறோம் அல்லவா? அவர்களும் 'ஆப்லோ' என்றால் போதும். மேஜைக்கு 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ', பொத்தானுக்கு 'பொத்தோன்', மேஸ்திரிக்கு 'மாயெஸ்த்ரோ'. ஸ்பானிஷின் சகோதரியான போர்ச்சுகீசிய மொழி இந்தச் சொற்களை நம் வீட்டில் எப்போதோ இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆயா கூடை வைக்கிற 'ஏலம்' கூட போர்ச்சுகீசியச் சொல்தானாம்! கஷ்டமும் உண்டு. மேஜை அங்கே பெண்பால். ஏன் என்று கேட்கக்கூடாது!

ஜனவரி மாதம் எங்கள் ஏரிக்குப் பூநாரை பார்க்க மெக்சிகோவிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். எனக்கு அப்போது மொத்தம் ஐம்பது சொல் தெரிந்திருக்கும். 'நோ என்தியெந்தோ' (புரியவில்லை), 'மாஸ் தெஸ்பாசியோ' (இன்னும் மெதுவாக), 'கே எஸ் எஸ்தோ' (இது என்ன) ஆகிய மூன்றும்தான் துடுப்பு. தைரியமாக இறங்கிவிட்டேன். ஆயாவின் கூடையில் இருந்த மடவை மீனைக் காட்டி 'பெஸ்' என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, 'பெஸ்காதோ' என்றார். ஏரியைக் காட்டி 'பெஸ்', கூடையைக் காட்டி 'பெஸ்காதோ'. தண்ணீரில் நீந்தும்போது ஒரு பெயர், பிடித்துக் கரைக்கு வந்தபின் வேறு பெயர்! தப்பாகச் சொன்னதால் கிடைத்த பாடம். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?

இது எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே 1632 முதல் 1642 வரை பாதிரியாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். அவருக்கு நம் ஊர் மதங்களையும் பழக்கவழக்கங்களையும் தெரிந்துகொள்ள ஆசை. பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டார். எந்த மொழியில்? போர்ச்சுகீசியத்தில்! அது பாதிரியாருக்கும் தாய்மொழி இல்லை, பத்மநாபனுக்கும் தாய்மொழி இல்லை. இலக்கணம் எத்தனை இடத்தில் இடறி விழுந்திருக்குமோ! ஆனால் கேள்வி உண்மையான கேள்வி. பதிலும் உண்மையான பதில். பர்த்ருஹரியின் பாடல்களைக்கூட அந்த மொழியிலேயே பத்மநாபன் விளக்கிச் சொன்னார். ரோஜேரியஸ் இறந்தபின் 1651-ல் அது டச்சுப் புத்தகமாக வந்தது. 1663-ல் ஜெர்மனிலும் 1670-ல் பிரெஞ்சிலும் வெளியானது. இருவரும் "இலக்கணம் சரியாக வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று காத்திருந்தால் அந்தப் புத்தகம் ஏது?

அப்படியானால் இலக்கணமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் எப்போது? முதலாம் ஆண்டு ஃபிட்டிங் பட்டறையை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே கையில் அரத்தைக் கொடுத்தார்கள். நாம் தேய்த்த முதல் ஜாப் கோணல். மட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. அதற்காக யாரும் நம்மை வெளியே அனுப்பவில்லையே? "இன்னொரு முறை தேய்" என்றார்கள். இருபதாவது முறை மட்டம் வந்தது. அரத்தைத் தொடாமல் புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் வந்திருக்காது. இரும்புக்கு ஒரு நியாயம், நாக்குக்கு ஒரு நியாயமா?

ஆகவே நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைதோறும் பட்டறை முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு பேச்சு வட்டம் கூட்டுங்கள். செலவில்லை. வேப்பமரத்தடி போதும். முதல் இரண்டு மாதம் ஸ்பானிஷ், எல்லோரும் பூஜ்யத்திலிருந்து. அப்புறம் இங்கிலீஷ். விதிகள் மூன்றே மூன்று. தப்புக்குச் சிரிக்கக்கூடாது. எழுதி வைத்துப் படிக்கக்கூடாது. ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்டே ஆகவேண்டும்.

மூன்று மாத ஸ்பானிஷில் நான் பண்டிதன் ஆகிவிடவில்லை. ஸ்பானிஷ் சினிமா பார்த்தால் இன்னும் தலைகால் புரிவதில்லை. ஆனால் போன மாதம் இன்னொரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒரு கேள்வி புரியவில்லை. "சார், ப்ளீஸ், ஸ்லோலி" என்றேன். அவர் மெதுவாகத் திருப்பிக் கேட்டார். நான் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னேன். அவர் அடுத்த கேள்வி கேட்டார், நானும் பதில் சொன்னேன்... இருபது நிமிடம்! முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் இந்த முறை ஊமையாகத் திரும்பவில்லை.

நண்பர்களே, நம் கையில் தொழில் இருக்கிறது. அதை நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல வாய்தான் திறக்கவில்லை. கூடையில் நண்டு துள்ளிக்கொண்டிருக்கிறது. அது சாவதற்குள் பேசிவிடுவோம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், பழவேற்காடு