பள்ளிக்கூடத்தில் நாடகப் பாடம்

தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் 2022-ம் வருஷம் முதல் கலைத் திருவிழா நடந்து வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அதில் நாடகம் நடித்துப் பரிசு பெறுகிறார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் திருவிழா வேறு, பாடம் வேறு. போட்டி மேடையில் ஏறுகிறவர்கள் ஏற்கெனவே துணிவுள்ள சிலரே. கடைசிப் பெஞ்சியில் வாய் திறவாதிருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்?

இலங்கையைப் பாருங்கள். அங்கே ஆறாம் தரம் முதலே அழகியற் பாடங்களுள் ஒன்றாக நாடகமும் அரங்கியலும் கற்பிக்கப்படுகிறது. உயர்தரப் பரீட்சை வரையில் அதற்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

நாடகத்தின் வலிமையை அந்நிய ஆட்சியார் நன்கு அறிந்திருந்தனர். 1876-ல் அவர்கள் நாடகத்தை அடக்கவே ஒரு சட்டம் செய்தார்கள். தேசபக்தப் பாடல்களை மேடையில் பாடியதற்காக விசுவநாததாஸ் பன்முறை சிறை புகுந்தார். 1940-ல் மேடையிலேயே உயிர் நீத்தார். அத்தகைய கலையை நாம் ஆண்டு விழாவுக்கு அலங்காரமாக மட்டும் வைத்திருப்பது தகுமா?

பரீட்சைக்கே நேரம் போதவில்லை, பணமும் இல்லை என்பார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் திரையும் வேண்டாம், வேஷமும் வேண்டாம். பெஞ்சிகளை ஒதுக்கினால் அரங்கு ஆயிற்று. முதலில் வசனமின்றி நடிக்கட்டும்; பிறகு ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுத்து, தாமே பேச விடலாம். இன்று பண்ணையாராக நடித்தவன் நாளை கூலியாளாக நடிக்க வேண்டும். பிறர் நிலையில் நின்று பார்க்கும் இப்பயிற்சியைச் சாதி வேற்றுமை ஒழியாத நமது நாட்டில் வேறெந்தப் பாடம் தரும்?

மனப்பாடம் செய்து ஒப்பிப்பது நாடகக் கல்வியாகாது. அதற்கு மார்க்கு போடுவதும் கூடாது. மார்க்கு வந்தால் அச்சமும் உடன் வரும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியளிக்க வேண்டும். தெருக்கூத்து வல்லுநர்களை ஊதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைக்க வேண்டும். சபையில் எழுந்து நியாயம் பேசத் தெரியாத ஜனங்களிடம் குடியரசு நிலைப்பது அரிது. அப்பேச்சுக்குப் பயிற்சி வகுப்பறையிலேயே தொடங்கட்டும்.