காலை இடறும் வயர்கள்

2023ஆம் ஆண்டு ரமலானில் ஒரு நாள் ஸஹர் நேரம். விளக்கைப் போட்டால் உறங்கும் பிள்ளைகள் விழித்துக்கொள்வர் என்றெண்ணி, என் உம்மா இருட்டிலேயே ஒளுச் செய்ய எழுந்து சென்றார்கள். கட்டிலுக்கும் மேசைக்கும் குறுக்கே கிடந்த சார்ஜர் வயரில் கால் சிக்கிற்று. கதவு நிலையைப் பற்றிக்கொண்டதால் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முழங்கையில் சிராய்ப்பும், வயரோடு இழுபட்டு விழுந்த கைப்பேசியின் கண்ணாடி உடைந்ததும் தவிர வேறு சேதமில்லை. எழுபத்து நான்கு வயதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்னவாகியிருக்கும்! முந்தின இரவு அந்த வயரை அங்கே போட்டுவிட்டு உறங்கியவன் நான்தான்.

பொழுது விடிந்ததும் வீட்டிலுள்ள வயர்களையெல்லாம் கூடத்தில் கொணர்ந்து குவித்தேன். பத்தொன்பது இருந்தன. அவற்றைக் கட்டி வைக்கும் பட்டைகளும் கொக்கிகளும் கடைகளில் விற்கின்றன; வாங்குவோரை நான் குறை கூறவில்லை. ஆயினும் எங்களுக்கு வேண்டியவை அனைத்தும் வீட்டிலேயே கிடந்தன.

முதலாவது, பழைய கைலி. கைலியின் நடுப்பகுதி நைந்து போனாலும் அதன் கரை எளிதில் நைவதில்லை. கரையையொட்டி இரு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் பட்டைகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். பட்டையின் ஒரு முனையில் சிறு பிளவு செய்து, ஓரத்தைத் தைத்துவிடுங்கள். பட்டையை வயரைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையை அப்பிளவில் நுழைத்து இழுத்தால் அது வயரை விட்டுப் பிரியாது நிற்கும். பின்னர் சுருட்டிய வயரின் மேல் பட்டையைச் சுற்றி, அது வந்து முடியுமிடத்தில் ஒரு பொத்தானும் முனையில் துளையும் அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டும் கயிற்றை ஒவ்வொரு முறையும் தேடும் தொல்லை இல்லை. உம்மாவின் செவிக்கருவிக்குரிய சார்ஜரில் மட்டும் என் மனைவி பழைய கோட்டுப் பொத்தான் ஒன்றைப் பெரிதாகத் தைத்து வைத்தார். கண்ணாடி அணியாமலேயே உம்மா விரலால் தடவி அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

தடித்த வயர்களுக்குச் சைக்கிள் டியூப் பொருந்தும். பழுது பார்க்கும் கடையில் பயனற்றதென ஒதுக்கிய டியூபைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். அரை விரல் அகலத்தில் குறுக்கே வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். சாதாரண ரப்பர் பேண்டு வெப்பத்தில் இளகி வயரில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதைத் தவிர்ப்பது நலம்.

என் காலைப் பொறுத்தமட்டில் மிகுந்த பயன் தந்தது, மதரஸாத் தேர்வுத் தாள்களைச் செருகி வைக்கும் கறுப்புக் கிளிப். அதை மேசையின் விளிம்பில் கவ்வச் செய்து, அதன் கம்பி வளையத்தினுள் சார்ஜர் வயரை நுழைத்துவிட்டால், கைப்பேசியைக் கழற்றியதும் வயர் தரையில் நழுவி விழாமல் அங்கேயே தங்கும். சார்ஜரின் முனை பெரிதாயிருந்தால் வளையத்தைக் கழற்றி மாட்ட வேண்டும், அவ்வளவே.

எஞ்சியவற்றை அடுக்கச் செருப்புப் பெட்டி போதும். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக்குழலைக் கேட்டு வாங்கித் துண்டுகளாக்கி, பெட்டியில் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வயரை இடலாம். எது எதற்கென்று எழுதி ஒட்ட மருந்து அட்டைகளே ஏற்றவை. கல்யாணப் பத்திரிகையின் அட்டை உறுதியானதுதான். ஆனால் நம் பத்திரிகைகளில் பிஸ்மியும் துஆவும் அச்சாகியிருக்கும். அதை வெட்டி வயரில் தொங்கவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி, கட்டுவதைவிடக் கவனமாய் இருக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. செருப்புப் பெட்டியில் துளையிட்டு, மின்சாரம் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே அதனுள் மறைத்து வைக்குமாறு சிலர் யோசனை கூறுகின்றனர். பார்வைக்கு அழகுதான். ஆனால் மின்சாரம் ஓடும் வயர் சூடாகும்; அச்சூடு வெளியேறக் காற்று வேண்டும். காகிதப் பெட்டிக்குள் அடைத்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாய்க்கும் விரிப்புக்கும் அடியில் வயரை ஓட்டுவதும் அத்தகையதே; அங்கே மிதிபட்டு மேலுறை கிழிவதும் நம் கண்ணுக்குத் தெரியாது.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிய நிலையிலேயே அதிகச் சுமையோடு பயன்படுத்துவதும் கூடாது. சுருளின் நடுவே உள்ள சூடு வெளியேற வழியின்றித் தேங்கும், மேலுறை இளகும். சாதாரணச் சிறு பிளக்கின் தாங்குதிறன் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1,380 வாட் ஆகும். தண்ணீர் சூடாக்கும் மின்கெண்டிகளில் பல 1,500 வாட். ஆகவே கெண்டியையும் இஸ்திரிப் பெட்டியையும் அத்தகைய பாக்ஸில் செருகாமல், சுவரிலுள்ள 16 ஆம்பியர் பெரிய பிளக்கிலேயே செருகுங்கள். இஸ்திரிப் பெட்டி ஆறுமுன் அதன் வயரை அதன் மீதே சுற்றும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது, இப்போது நிறுத்திவிட்டோம்.

சுருட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. வயரினுள் இருப்பவை மயிரிழை போன்ற தாமிர இழைகள். பிளக்கின் கழுத்தருகே ஓயாது மடங்கினால் அவை ஒவ்வொன்றாக அறும். சார்ஜர்கள் பலவும் அங்கேதான் உயிரை விடுகின்றன. எனவே கழுத்திலிருந்து நான்கு விரல் நீளத்தை நேராக விட்டு, மீதியை உள்ளங்கையளவு வட்டமாகத் தளர்வாய்ச் சுருட்டுங்கள். ஒரு சுற்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் இட்டால் முறுக்கேறாது; அவிழ்க்கும்போது சிக்கும் விழாது.

பழுதான வயர்களைத் தாமிரத்துக்காக எரிப்போர் உண்டு. மேலுறையான பி.வி.சி. எரியும்போது எழும் நச்சுப் புகை, எரிப்பவரின் பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும். 2022இல் இந்திய அரசு வகுத்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சிப் பொறுப்பை அவை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. அத்தகைய கழிவைப் பெறும் இடம் உங்கள் நகரில் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் பத்தொன்பதில் ஏழு வயர்கள் அவ்வாறு சென்றன. அவற்றுள் மூன்று எந்தக் கருவிக்கு உரியவை என்பதை வீட்டில் ஒருவராலும் சொல்ல இயலவில்லை.